கறையான் மருந்து கழுவிய தண்ணீர் கால்வாயில் எத்தனை நாள் இருக்கும்?

ஓட்டேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பு சென்னையில் ஓட்டேரி நல்லா கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. தரைத்தளச் சுவரில் கறையான் ஏறியதால் சங்கத்தில் பேசி ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்தோம். சுவரோரம் வரிசையாகத் துளை போட்டு மருந்து இறக்கினார்கள், சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலையில் கிளம்பும்போது இரண்டு பையன்கள் மருந்து கலக்கிய நீல டிரம்மைப் பின்பக்கம் உருட்டிப் போனார்கள். மழைநீர் வடிகாலின் கம்பி மூடிமேல் அதைச் சாய்த்து, குழாயைத் திறந்துவிட்டு மூன்று முறை அலசிக் கவிழ்த்தார்கள். பால் போல வெள்ளையாக இறங்கியது. மண்ணெண்ணெய் நெடி அடித்தது. நான் மாடியிலிருந்து கத்தியது அவர்கள் காதில் விழவில்லை.

எங்கள் மதிலுக்குப் பின்னால் அந்த வடிகால் இருபதடி தூரம் திறந்து கிடக்கிறது. அதில் கப்பி மீன்கள் இருந்தன. சாக்கடையும் கலக்கும் தண்ணீர்தான், ஆனாலும் கூட்டமாக வாழ்ந்தன. மறுநாள் காலை என் மகன் ஓடிவந்து கூப்பிட்டான். சில மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்தபடி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. மற்றவை வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அவன் ஒரு குச்சியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினான். 43.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இரண்டு நாளில் கெட்டுப்போய்விடும் மேடம், இன்றைக்கு வருகிற மருந்தெல்லாம் அப்படித்தான்" என்றார்கள். உண்மையாகவே இரண்டு நாளில் கெடுமா? கெட்ட பிறகு அது என்னவாகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் பின் கட்டடத்துக்கும் இதே வேலை இருக்கிறது.

---

நடைமுறை

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஓட்டேரி நல்லாவில் ஓடுவது ஏற்கெனவே கழிவுநீர். அதில் கொசுப்புழுவுக்கும் வாரந்தோறும் மருந்து தெளிக்கிறார்கள், தெளிக்கவும் வேண்டும். டெங்கு வந்து அவசரப் பிரிவில் ஓர் இரவு உட்கார்ந்தவன் நான். கொசுவுக்கு அடிக்கும் மலத்தியான் ஒரு வாரத்தில் பாதியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். ஓடும் தண்ணீரில் அரை டிரம் கழுவிய நீர் என்ன ஆகிவிடப் போகிறது?

---

சோதனைக்குழாய்

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். நடைமுறை ஐயா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி.

மலத்தியான் தண்ணீராலேயே உடையும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். (நீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்) 7 உள்ள நடுநிலை நீரில் பாதி கெட ஏறக்குறைய 6 நாள். பி.எச். 9 என்றால் அரை நாள்தான். சற்றே புளித்த, பி.எச். 5 உள்ள நீரில் அதே மருந்துக்கு 100 நாளுக்கு மேல். பொருள் ஒன்று, தண்ணீர் மாறினால் கணக்கு தலைகீழாகிறது. "இந்த மருந்து இத்தனை நாள்" என்று ஒரே எண்ணைச் சொல்கிறவர் எந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பாதியாகும் காலம் 6 நாள் என்றால் 12 நாளில் தீர்ந்துவிடாது. மீதியில் பாதி, அதில் பாதி என்று குறையும். நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே வர ஏழு சுற்று வேண்டும், அதாவது 42 நாள்.

கால்வாயில் ஒரு பூச்சிமருந்தைக் கெடுப்பவை மூன்று: தண்ணீர், வெயில், நுண்ணுயிர். நகரத்துக் கால்வாயில் இந்த மூன்றுக்குமே கை கட்டப்பட்டிருக்கிறது. கருத்த தண்ணீரில் வெயில் நான்கு விரல் ஆழம்கூட இறங்காது. மூடிய வடிகாலில் வெயிலே கிடையாது. அடிச்சேற்றில் உயிர்க்காற்று இல்லை, அதனால் காற்று தேவைப்படும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்வதில்லை. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் உண்டுதான், ஆனால் பல மருந்துகளை அவை மெதுவாகவே உடைக்கும், சிலவற்றை வேறொரு பொருளாக மட்டும் மாற்றும். நமக்குச் சாதகமாக இருப்பது வெப்பம் ஒன்றுதான். பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர் நாட்டில் எடுத்த எண்ணை அப்படியே சென்னைக்குப் போடக் கூடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

சகோதரி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல மருந்தின் பெயர் வேண்டும். பால் நிறம், மண்ணெண்ணெய் நெடி என்றால் தண்ணீரில் கலக்கும் எண்ணெய்க் கரைசல் வகை என்பது மட்டும் தெரிகிறது. குளோர்பைரிபாஸாக இருக்கலாம்.

---

மண்துளை

14 வருடமாகக் கறையான் மருந்து வேலை செய்கிறேன், கோயம்புத்தூர்ப் பக்கம். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. (டீச்சர் சொன்ன எண்ணெய்க் கரைசல் வகை, 20 சதவீதம்) என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், ஒரு சதவீதக் கலவை. எங்கள் தொழிலில் பல காலம் அதுதான் ஓடியது. நெடி தலையைப் பிளக்கும். இப்போது பல இடங்களில் இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. (நீரில் மிதக்கும் நுண்தூள் வகை) கலக்குகிறார்கள், அதில் அவ்வளவு நெடி கிடையாது. பைபென்த்ரின் 2.5 ஈ.சி.யும் உண்டு, அது லிட்டருக்கு 20 மில்லி. கலக்கினால் அதுவும் பால் மாதிரிதான் வரும்.

அம்மா, ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எத்தனை வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார்கள்?

---

ஓட்டேரிக்கரை

ஐந்து வருடம்.

---

மண்துளை

அப்படியென்றால் அவர்களே உங்களுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுவருக்கு அடியில் வெயில் படாத மண்ணில் பல வருடம் வேலை செய்யும் என்றுதான் அந்த மருந்தை விற்கிறார்கள். அதே மருந்து கம்பி மூடிக்குக் கீழே போனதும் இரண்டு நாளில் கெட்டுவிடும் என்றால் எப்படி நம்புவது? வடிகாலுக்குள்ளும் இருட்டுதான், அங்கேயும் மண்தான்.

அந்தப் பையன்களை நான் திட்ட மாட்டேன். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கழுவினேன், யாரும் சொல்லித் தரவில்லை. கழுவிய தண்ணீரைக் கடைசித் துளைகளில் ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மருந்தும் வீணாகாது. 1971-ம் வருடப் பூச்சிக்கொல்லி விதிகளில் 44-வது விதி இதற்காகவே இருக்கிறது: மீதி மருந்தும் கழுவிய நீரும் சுற்றுப்புறத்தையோ நீரையோ கெடுக்காதபடி அகற்றுவது மருந்து அடிப்பவரின் கடமை. அதை ஒரு பயிற்சி வகுப்பில்தான் முதல்முறை கேட்டேன், வேலைக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து.

---

ஓட்டேரிக்கரை

இன்று குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தகர டப்பா கிடைத்தது. நச்சு அளவை நிறத்தால் காட்டும் முக்கோண அடையாளம் பாதி உரிந்திருக்கிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது: பைபென்த்ரின் 2.5 சதவீதம் ஈ.சி.

---

சோதனைக்குழாய்

நன்றி. இப்போது என் ஊகத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

குளோர்பைரிபாஸாக இருந்திருந்தால் நடுநிலை நீரில் பாதியாக ஒன்றிலிருந்து இரண்டரை மாதம் என்று சொல்லியிருப்பேன். அது மலத்தியானின் குடும்பம், மூலக்கூறில் பாஸ்பரஸ் இருக்கும் இடத்தில் தண்ணீர் வெட்டும். பைபென்த்ரின் வேறு குடும்பம், பைரித்ராய்டு. இந்தக் குடும்பத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் என்ற பூவைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சிகளை விழச்செய்யும். வீட்டுக்குள் கொசுவுக்குப் புகையடிக்க 2 சதவீதப் பைரித்ரம் சாற்றை ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய் என்று கலப்பார்களே, அது இந்தப் பூவின் சாறுதான். அதன் பெரிய குணம், வெயில் பட்டால் சில மணி நேரத்தில் உடைந்துவிடும். உழவருக்கு அது குறை. காலையில் அடித்தது மாலையில் இல்லை என்றால் யார் வாங்குவார்கள்? 1973-ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். பூச்சாற்றின் மூலக்கூறில் வெயிலுக்கு உடையும் இடங்களைப் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். வயலில் நிலைத்து நிற்கும் பைரித்ராய்டு அப்படித்தான் வந்தது. பைபென்த்ரின் அந்த வழியில் பின்னால் வந்த மருந்து, தன் குடும்பத்திலேயே மிகவும் பிடிவாதமானவற்றில் ஒன்று.

அதன் இரண்டாவது குணம், தண்ணீரை வெறுக்கும். இமிடாகுளோப்ரிட் ஒரு லிட்டர் நீரில் 600 மில்லிகிராம் வரை கரையும். பைபென்த்ரின் ஒரு மைக்ரோகிராம்கூடக் கரையாது. அது வடிகாலில் விழுந்ததும் சேற்றிலும் மட்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும், வேட்டியில் பட்ட நல்லெண்ணெய் போல. மேலே ஓடும் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் சில நாளில் ஒன்றுமே இல்லை என்று வரும். கெட்டுப்போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். அது இடம் மாறி அடியில் படுத்திருக்கும். கலிபோர்னியாவில் சேற்றோடு வைத்து அளந்தபோது, 20 டிகிரி வெப்பத்தில் பைபென்த்ரின் பாதியாக 8 முதல் 17 மாதம் ஆனது. நம் வெப்பத்தில் அதைவிடக் குறையும். குறைந்தாலும் அது மாதக் கணக்கு. இரண்டு நாள் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் நிறம் எலி, முயல் போன்ற பாலூட்டிகளில் பார்த்த நச்சுத்தன்மையைச் சொல்வது. மீனுக்கு அந்த நிறம் எதையும் சொல்லாது. பைரித்ராய்டுகளை நம் உடம்பு வேகமாக உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும், மீனின் உடம்புக்கு அந்தத் திறன் மிகக் குறைவு.

---

நடைமுறை

டீச்சர், சேற்றில் ஒட்டிக்கொண்டால் நல்லதுதானே? தண்ணீரில் இல்லை, மீனுக்குப் படாது. நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை. அளவு எவ்வளவு என்று தெரியாமல் பயப்படுவது சரியா என்றுதான் கேட்கிறேன்.

---

சோதனைக்குழாய்

நல்ல கேள்வி, அளவைப் போட்டே பார்ப்போம். லிட்டருக்கு 20 மில்லி கலந்தால் 0.05 சதவீதம். டிரம்மின் அடியில் ஒரே ஒரு லிட்டர் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பைபென்த்ரின் அரை கிராம், ஒரு சிட்டிகை உப்பளவு. புளூகில் என்ற நன்னீர் மீனை வைத்துப் பார்த்த சோதனைகளில், லிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் இருந்தால் நான்கு நாளில் பாதி மீன் சாகிறது. வகுத்துப் பாருங்கள்: அரை கிராம் 14 லட்சம் லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நூற்றுக்கு மேல்.

இது தெளிந்த நீரில். நீங்கள் சொன்னது போலச் சேறு பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு தூரம் பரவாது. அந்த வகையில் சேறு காப்பாற்றுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேற்றிலேயே வாழும் உயிர்கள் இருக்கின்றனவே. நல்லா கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதும் இருக்கிறது.

---

எண்ணூர்க்கழி

அது எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது. அந்தக் கால்வாய் வடக்கே எங்கள் எண்ணூர்க் கழிமுகத்தோடு சேர்ந்திருக்கிறது.

எங்கள் கழியில் கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி எடுப்பார்கள். டீச்சர் சொன்ன அந்தச் சேறுதான். இறால் எந்த இனம்? கால் பல கொண்டது, ஓடு உள்ளது, பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். பூச்சிக்குச் செய்த மருந்து இறாலைக் கேட்டுவிட்டா விடும்? எங்கள் கழிக்குச் சாம்பலும் எண்ணெயும் வந்ததைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கால்வாயில் கலந்த பிறகு இதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

---

சாக்ரமெண்டோவாசி

படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் பேசுவது அப்படியே இங்கே கலிபோர்னியாவில், எங்கள் ஊரில் நடந்தது.

இங்கே வீடுகளில் குளோர்பைரிபாஸ், டயசினான் இரண்டையும் நிறுத்த 2000-ல் முடிவெடுத்தார்கள். வீட்டு உபயோகத்துக்கான விற்பனை முதலாவதுக்கு 2001 முடிவோடு நின்றது, இரண்டாவதுக்கு 2004 முடிவோடு. நல்ல காரணம்தான், குழந்தைகளின் நரம்புக்குக் கெடுதல். அந்த இடத்துக்குப் பைரித்ராய்டுகள் வந்தன. சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் ரோஸ்வில் என்ற ஊர், புதிதாக எழுந்த வீட்டு மனைகள். ஊடே பிளசண்ட் குரோவ் என்ற சின்ன ஓடை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வெஸ்டன் குழு அந்த ஓடையின் வண்டலை 21 மாதிரிகளாக எடுத்து, ஹயலெல்லா என்ற சின்னஞ்சிறு ஓட்டுயிரியை அதில் விட்டுப் பார்த்தது. அது ஏறக்குறைய அரிசி அளவு, இறாலின் தூரத்து உறவு. ஏறக்குறைய எல்லா மாதிரிகளும் நச்சாக இருந்தன. பாதி மாதிரிகளில் அனேகமாக எல்லாமே செத்தன. 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதன்மைக் காரணம் என்று கண்டது உங்கள் டப்பாவில் இருக்கும் அதே பைபென்த்ரின். அந்த ஓடைக்கு மேலே வயல் எதுவும் இல்லை. எல்லாம் வீடுகள், எறும்புக்கும் புல்தரைக்கும் அடித்த மருந்து. சிமெண்ட் தரையில் அடித்ததை மழை கழுவிக் கொண்டுவந்தது.

அதுவரை எல்லோரும் உழவர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

2012-ல் கலிபோர்னியா விதி கொண்டுவந்தது. தொழிலாக மருந்து அடிப்பவர்கள் 17 பைரித்ராய்டுகளை வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தரையில் பரவலாக அடிக்கக் கூடாது, விரிசலிலும் குறித்த இடத்திலும் மட்டும் அடிக்கலாம், மழை பெய்யும்போது கூடாது. பிறகு சந்தை பிப்ரோனில் என்ற வேறு வகைப் பூச்சிமருந்துக்குத் தாவியது. அதன் கதையை டீச்சர் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சோதனைக்குழாய்

சொல்கிறேன். "கெட்ட பிறகு என்னவாகிறது" என்று சகோதரி கேட்டதற்கு அதுதான் சரியான எடுத்துக்காட்டு.

பைரித்ராய்டு உடைந்தால் பெரும்பாலும் நடுவில் இரண்டு துண்டாகும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவற்றில் ஒரு துண்டு பினாக்சிபென்சாயிக் அமிலம். அதற்குப் பூச்சியைக் கொல்லும் வலு போய்விடும். அங்கே கெடுதல் என்ற சொல்லுக்கு நாம் நினைக்கும் பொருள் இருக்கிறது.

பிப்ரோனில் அப்படி இல்லை. உயிர்க்காற்று உள்ள இடத்தில் சல்போன் என்ற வடிவமாக மாறும். காற்றில்லாச் சேற்றில் சல்பைடு. வெயிலில் டெசல்பினைல். மூன்றும் மூலப்பொருளைப் போலவே நஞ்சு, சில உயிர்களுக்கு அதைவிட அதிகம், மூன்றும் அதைவிட நீண்டு நிலைக்கும். ஆய்வகத்தில் பிப்ரோனிலை மட்டும் தேடினால் குறைந்துவிட்டது என்று அறிக்கை வரும். ஓடைக்கு எந்த நன்மையும் நடந்திருக்காது.

டி.டி.டி. (DDT) என்ற பழைய பூச்சிமருந்தும் இதே வழிதான். காற்றுள்ள இடத்தில் டி.டி.ஈ., காற்றில்லாச் சேற்றில் டி.டி.டி. (DDD) என்று இன்னொரு பொருள் (தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடும் சிக்கல் வேறு, இரண்டாவதில் ஒரு குளோரின் குறைவு). குளோர்பைரிபாஸில் இன்னொரு வகை உண்டு. குளோரின் பட்டால் அதிலுள்ள கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறி ஆக்சான் என்ற வடிவமாகும். நரம்பு நொதியை நேரடியாக முடக்குவது அந்த வடிவம்தான். மருந்து கொட்டிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. உண்ணிக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது பிப்ரோனில். இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரை 20 ஆறுகளில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது 98 சதவீதத்தில் பிப்ரோனில் இருந்தது, 66 சதவீதத்தில் இமிடாகுளோப்ரிட். அங்கே வயல்களில் பிப்ரோனில் பெரிய அளவில் பயன்பட்டதே இல்லை. குளிப்பாட்டிய தண்ணீர் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இமிடாகுளோப்ரிட் தெளிந்த நீரில் நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் உடையும். வெயில் படாத இடத்தில் அதைத் தண்ணீர் தொடுவதில்லை. மூடிய வடிகாலுக்குள் அது சுகமாக இருக்கும்.

---

கொளத்தூர்க்குட்டை

வண்ணமீன் வளர்ப்பு எங்கள் குடும்பத் தொழில். கப்பி சாக்கடையில் பிழைப்பதற்குக் காரணம், நீரின் மேல்தோலில் வாயை வைத்து அங்குள்ள உயிர்க்காற்று மிகுந்த நீரை உறிஞ்சத் தெரியும். அழுக்குக்கு அது சாகாது. அழுக்கைத் தாங்குகிற மீன் ஒரே இரவில் 43 செத்தால் அது அழுக்கால் இல்லை. சுற்றிச் சுற்றி நீந்தியதாகச் சொன்னீர்களே, அது நரம்பில் பட்ட அடையாளம். எங்கள் தொட்டிகளிலும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் கரப்பான் மருந்து அடித்த அன்று.

நடைமுறை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கப்பிகள் தினமும் கொசுப்புழு தின்றுகொண்டிருந்தவை. மருந்தில் புழுவும் சாகும், மீனும் சாகும். கொசு இரண்டு வாரத்தில் பறந்து வந்து திரும்ப முட்டை போடும். மீனுக்கு இறக்கை இல்லை.

சகோதரி, ஒரு குவளை சேறு எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு அலசிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மயிர் போல மெல்லிசாகக் கொத்தாக நெளிந்தால் அது டியூபிபெக்ஸ், மண்புழு இனம், மருந்தை ஓரளவு தாங்கும். தலை தெரிய, தடித்த, ரத்தச் சிவப்பான புழு எட்டுப் போட்டுத் துள்ளினால் அது பூச்சியின் குஞ்சு, சாக்கடையில் சாதாரணமாக இருக்கும். இரண்டாவது வகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

---

நடைமுறை

மீனைப் பற்றிச் சொன்னது எனக்கு உறைத்தது. அந்தக் கோணத்தில் நான் நினைக்கவில்லை.

ஆனாலும் கால்வாய்க் கொசுவுக்கு என்னதான் செய்வது? தெளிக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

சோதனைக்குழாய்

சொல்லவும் வேண்டாம். கொசுப்புழுவுக்கென்று பயன்படும் டெமிபாஸ் 50 ஈ.சி. பத்து லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லிதான், அளவோடு தெளிப்பது. பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர்ப் பொடி அதைவிடப் பொருத்தம். அதன் புரதப் படிகம் கொசுப்புழு, அதற்கு நெருங்கிய சில புழுக்கள் ஆகியவற்றின் குடலில்தான் வேலை செய்யும், மீனைத் தொடாது. அழுக்கு நீரில் சீக்கிரம் வலுவிழக்கும், அதனால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பயந்துதான் நிலைத்து நிற்கும் மருந்தைத் தேடுகிறோம்.

நிலைத்து நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. சாக்ரமெண்டோ நண்பர் சொன்ன அதே ஹயலெல்லா பற்றி 2013-ல் வெஸ்டன் குழுவின் இன்னொரு முடிவு வந்தது. மருந்து படிந்த ஓடைகளில் வாழ்ந்த கூட்டங்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிக மருந்தைத் தாங்கின. பைரித்ராய்டு போய்ப் பிடிக்கும் இடமான, நரம்பின் சோடியம் வாயிலில் (நரம்புச் செய்தி கடக்க உதவும் நுண்துளை) ஒரு மாற்றம். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸிலும் பைரித்ராய்டைத் தாங்கும் மாற்றம் அதே வாயிலில்தான் வந்திருக்கிறது. தாங்கப் பழகிய உயிரி மருந்தை உடம்பில் சுமந்துகொண்டு வாழும், அதைத் தின்னும் மீனுக்குக் கைமாற்றும். எண்ணூர் நண்பர் கேட்ட இறாலைப் பற்றி நான் நினைப்பதும் இதனால்தான்.

---

எண்ணூர்க்கழி

தூர்வாருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் கால்வாயைத் தோண்டி, சேற்றை அதே கரையில் குவித்துவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் பாதி திரும்ப உள்ளே இறங்குகிறது. அடியில் படுத்திருந்ததை எழுப்பி எங்களுக்கு அனுப்பி வைத்த மாதிரி ஆகிறது.

---

சோதனைக்குழாய்

ஆமாம். ஆனால் குவித்த சேற்றை உடனே அள்ளி, தண்ணீர் திரும்ப இறங்காத இடத்தில் மெல்லிசாகப் பரப்பினால் காற்றும் வெயிலும் படும், சிதைவு வேகமாகும். பைபென்த்ரினுக்கு அப்போதும் மாதங்கள் ஆகலாம், மற்ற பலவற்றுக்கு அது பெரிய உதவி. செய்ய முடியாத வேலை ஒன்றுமில்லை.

---

ஓட்டேரிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நேற்று நானும் மகனும் சேறு எடுத்தோம். கம்பி மூடிக்குக் கீழிருந்து ஒரு குவளை, கால்வாய்ப் பக்கம் இருபதடி தள்ளி ஒரு குவளை, மூடிக்கு மேல்பக்கம், மருந்து போயிருக்க முடியாத இடத்தில் ஒரு குவளை. சாப்பாட்டுக்கு இனி எடுக்க முடியாத மூன்று வெள்ளைத் தட்டுகள். மேல்பக்கத் தட்டில் மெல்லிய புழுக் கொத்தும் இருந்தது, துள்ளும் சிவப்புப் புழு 11-ம் இருந்தது. கீழிரண்டு தட்டுகளிலும் மெல்லிய கொத்து மட்டும். துள்ளும் புழு ஒன்றுகூட இல்லை. தண்ணீரின் மேலே கொசுப்புழு திரும்ப வந்துவிட்டது, மீன் வரவில்லை.

தட்டுகளின் படத்தை அச்செடுத்துச் சங்கக் கூட்டத்தில் காட்டினேன். நிறுவனத்தை மாற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்களும் இதையே செய்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ஒப்பந்தத் தாளில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: டிரம் கழுவிய நீர் துளைகளுக்குள்ளேயே போக வேண்டும், வேலை முடியும்வரை வடிகால் மூடியின்மேல் தார்ப்பாயும் மணல்மூட்டையும் இருக்க வேண்டும். மண்துளை அண்ணன் தனிச்செய்தியில் எழுதித் தந்த வரிகள் அவை. நன்றி அண்ணா.

---

மண்துளை

கடைசி ஆறு துளையை அடைக்காமல் வைக்கச் சொல்லுங்கள் அம்மா. கழுவிய தண்ணீர் நிறைய வரும், துளை போதாமல் போனால் பையன்கள் திரும்ப மூடியைத்தான் தேடுவார்கள்.

---

கொளத்தூர்க்குட்டை

சிவப்புப் புழு கீழ்த் தட்டிலும் வந்த பிறகு சொல்லுங்கள், கப்பி ஒரு பை நிறையக் கொண்டுவந்து தருகிறேன். அதற்கு முன்னால் விட வேண்டாம், சாகும். மழை முடிந்து தை மாதம் ஒருமுறை பாருங்கள்.

---

எண்ணூர்க்கழி

மழையோடு அந்தச் சேறு எங்கள் பக்கம் வந்துவிடும் சகோதரி. தட்டு வைத்துப் பார்ப்பது எப்படி என்று உங்கள் மகனை ஒருநாள் அழைத்து வாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் காட்டட்டும்.